ஏற்போர் ஆம் என்க

ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. விடியலிலிருந்து கொட்டிய மழை சற்று முன்புதான் ஓய்ந்திருந்தது. கோட்டைக்குள் மேலவை மண்டபத்தின் உயர்ந்த சன்னல்களில் இன்னும் நீர் வழிந்துகொண்டிருந்தது. தலைவரின் நாற்காலியில் அமர்ந்திருந்த டாக்டர் சுகிர்தம் ஞானமுத்து, "ஏற்போர் ஆம் என்க" என்றார். ஓசை எழுந்து அடங்கிற்று. "மறுப்போர் இல்லை என்க" என்றார். மீண்டும் ஓசை எழுந்து அடங்கிற்று. இனி அவர் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: ஏற்போர் மிகுதி என்று கருதுகிறேன், அல்லது, மறுப்போர் மிகுதி என்று கருதுகிறேன். வாக்கியம் நாவின் நுனிவரை வந்து, எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. அவையின் வலப்பக்கம் என்ன சொன்னது என்பது அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் காதை நம்பியே தொழில் செய்த அந்த எழுபத்திரண்டு வயதுப் பெண்மணிக்கு வலக்காது கேளாது.

எதுவுமே விழவில்லை என்பதும் சரியன்று. ஏதோ விழுந்தது. குளத்துக்குள் மூழ்கியிருப்பவருக்குக் கரையில் பேசுவோர் குரல் வந்து சேருமே, அதுபோலப் பொருளையெல்லாம் கரையிலேயே களைந்துவிட்டு வெறும் அதிர்வு மட்டும் வந்து சேர்ந்தது. சென்ற பங்குனியில் ஒரு விடியலில் இது நேர்ந்தது. படுக்கையை விட்டு எழுந்தபோது வலக்காதில் யாரோ பஞ்சை அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். விரலை விட்டுப் பார்த்தார், பஞ்சு இல்லை. அலமாரியிலிருந்து பழைய இசைக்கவையை எடுத்து, முழங்காலில் தட்டி, நெற்றியின் நடுவில் ஊன்றினார். நடுவில் ஊன்றிய ஒலி நடுவில் நிற்க வேண்டும். அது இடப்பக்கமாகச் சரிந்து ஓடிற்று. குறும்பியும் இல்லை, சளியும் இல்லை, நரம்பு. நோயாளிகளுக்குச் சொல்வதைப் போலவே தமக்கும் நேராகச் சொல்லிக்கொண்டார்: சுகிர்தம், இது திரும்பி வராது. பிறகு அடுக்களைக்குப் போய்க் காபி போட்டார். பால் பொங்கும் சீற்றம் பாதியாகத்தான் கேட்டது. பாதியாகக் கேட்டது என்று அறிவதற்குள் பால் வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்தது கடினமாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. அதுதான் இப்போது நெஞ்சை இடறுகிறது. தலைவரும் துணைத் தலைவரும் இல்லாத வேளைகளில் அவையை நடத்த நான்கு உறுப்பினர்களைக் குறித்து வைத்திருந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் அவர். பங்குனிக்குப் பிறகும் எத்தனையோ பிற்பகல்கள் இதே நாற்காலியில் அமர்ந்து, ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க, ஏற்போர் மிகுதி என்று கருதுகிறேன் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். மானியக் கோரிக்கைகள், நகராட்சிச் சட்டத் திருத்தங்கள், மீன்பிடித் துறைமுகம், விற்பனை வரி. வலப்பக்கம் ஆளுங்கட்சி. அங்கே கொறடா ஒருவர் இருந்தார். அவர் கண்ணசைவில் எத்தனை பேர் ஆம் என்பார்கள் என்பது காலையிலேயே தெரிந்திருந்தது. கீழே மேசையில் இருக்கும் செயலர் நரசிம்மலு அவர் இடக்காதின் பக்கம் திரும்பி எந்தப் பக்கம் மிகுதி என்று மெல்ல முணுமுணுப்பார், அவர் தலையசைப்பார். கேட்கவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு இடமே இருக்கவில்லை. ஒரு மாகாணத்தின் மேலவையைக் கேளாத காதோடு நடத்தலாம், சட்டங்கள் நிறைவேறும், ஒரு சொல் பிசகாது. முதலில் இது அவருக்குச் சிரிப்பைத் தந்தது. பிறகு ஒரு நாள் வீட்டில் தலை வாரிக்கொண்டிருந்தபோது, சீப்பைப் பாதியில் நிறுத்தி, இதை எண்ணிப் பார்த்தார். எவ்வளவு பெரிய யந்திரம்! அதில் காது வைக்க வேண்டிய இடத்தில் காது இல்லை என்பதுகூட அதற்குத் தெரியவில்லை.

ஆனால் இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைப் பிற்பகல் தனி உறுப்பினர் தீர்மானங்களுக்கு உரியது. அரசின் அலுவல் இல்லை. கொறடா மத்தியானமே ஊருக்குப் போய்விட்டார். எந்தக் கட்சியும் எவரையும் கட்டவில்லை, அவரவர் மனம் போல் சொல்லலாம் என்று இரு தரப்பிலும் அறிவித்திருந்தார்கள். தீர்மானம், சங்கரன்கோவில் பக்கத்து ஊராட்சிகளின் சார்பில் வந்த ஆவுடையப்பனுடையது: இந்த அவையில் நியமன உறுப்பினர் என்ற வகையே இருத்தலாகாது, அந்த இடங்களையும் தேர்தலால் நிரப்ப மத்திய அரசு சட்டம் செய்ய வேண்டும், அதுவரை இருப்பவர்கள் தாமாகவே விலகிக்கொள்ள வேண்டும் என இந்த அவை கருதுகிறது. டாக்டர் சுகிர்தம் நியமன உறுப்பினர். தலைவர் காய்ச்சலில் படுத்திருந்தார்; துணைத் தலைவர் தில்லியில். மற்ற மூவரில் ஒருவரும் மழையைத் தாண்டி வந்து சேரவில்லை. மத்தியானம் நரசிம்மலு கதவருகில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "விதி தடுக்கவில்லை, அம்மா. ஆனால்…" "ஆனால் என்பது விதியில் இருக்கிறதா, நரசிம்மலு?" "இல்லை, அம்மா." "அப்படியானால் வாருங்கள்." அந்த விறைப்பு! அப்போது அது நேர்மைபோல் இருந்தது. நாற்காலியில் இருப்பவருக்கு வாக்கில்லை, இரு பக்கமும் சமமாக நின்றால் ஒழிய. ஆகவே என் நலம் இதில் புகாது, நான் கேட்பேன், கேட்டதைச் சொல்வேன், அவ்வளவுதான் என்று எண்ணினார். கேட்பேன் என்று எண்ணினாரே, அந்த நொடியில் காதின் நினைவு ஏன் வரவில்லை? மறைத்து வைத்த பொருளை மறைத்தவரே மறந்துபோவது எப்படி?

இன்று நரசிம்மலு திரும்பவில்லை. குனிந்த தலை நிமிராமல் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறார். இவர் இடமே கேள்விக்குள்ளாகும் வேளையில் இவருக்கு எடுத்துக் கொடுப்பது முறையன்று என்று அவருக்குத் தெரியும். நல்ல மனிதர். இந்த நல்ல குணத்தை இன்றைக்கா காட்ட வேண்டும்? இடப்பக்கத்து முதல் வரிசையிலிருந்து புலவர் தில்லைக்கூத்தனார் சொன்ன "இல்லை" இன்னும் இடக்காதில் நின்று அதிர்கிறது. அவரும் நியமன உறுப்பினர்தான், இலக்கியத்துக்காக. ஒலிபெருக்கி வேண்டாத குரல். கோயில் மண்டபங்களில் பழகிய குரல். அவர் ஒருவர் சொன்னால் பத்துப் பேர் சொன்னதுபோல் இருக்கும். இடக்காது முழுவதும் இல்லை, இல்லை. வலக்காதில் குளத்து நீர். கேட்டதைச் சொல்வேன் என்றால், சுகிர்தம், நீ கேட்டது இல்லை என்பதுதான். சொல்லிவிடு. அது பொய்யன்று. பொய்யன்று என்று எத்தனை நோயாளிகள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

தவறாகச் சொன்னாலும் குடி முழுகிப் போகாது. கருதுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தலைவர் சற்று நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில் எவராவது எழுந்து, பிரித்து எண்ணுங்கள் என்று கேட்கலாம். விதியின் கருணை அந்த இடைவெளியில் இருக்கிறது. கேட்பார்களா? மத்தியானம் முகப்புக் கூடத்தில் ஆவுடையப்பன் நனைந்த குடையை உதறிக்கொண்டே வந்து நின்றதை நினைத்தார். "டாக்டரம்மா, இன்னைக்கு நீங்கதான் நாற்காலியாமே?" "ஆமாம். உங்களுக்கு ஆட்சேபமா?" "எனக்கென்ன ஆட்சேபம்? நான் கத்தியைக் கொண்டுக்கிட்டு வாரேன், கழுத்தே உக்காந்து தீர்ப்புச் சொன்னா அதைவிட நியாயம் உண்டா?" பக்கத்தில் நின்ற புலவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "ஓய், எம்மை வெளியேற்றிவிட்டு அந்த இருக்கையில் யாரை அமர்த்தப் போகிறீர்? பஞ்சாயத்துக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கிப் போட்டவரையா?" "ஆமா, புலவரே. அந்த மோட்டார்லதான் ஊரே தண்ணி குடிக்கி. உங்க அந்தாதியிலயா குடிக்கி?" புலவரே சிரித்துவிட்டார். பிறகு ஆவுடையப்பன் குடையை மடக்கி, சிரிப்பையும் மடக்கி, டாக்டரைப் பார்த்துச் சொன்னார். அப்போது டாக்டர் தம் இடக்காதை அவர் பக்கம் கொடுத்து நின்றிருந்தார், வழக்கம்போல. "ஒண்ணு மட்டும் சொல்லுதேன். நீங்க என்ன சொன்னாலும் நான் எண்ணச் சொல்ல மாட்டேன். எங்கம்மை சொல்லுவா, காதால பாக்கிற டாக்டரம்மான்னு. அந்தக் காதுக்கு முன்னால நின்னு எண்ணுன்னு கேட்டா அது மரியாதை இல்ல."

காதால் பார்க்கிற டாக்டரம்மா. அந்தப் பெயரை வைத்தது வண்ணாரப்பேட்டை. பொன்னுத்தாயி என்று ஒரு குழந்தை, ஏழு வயது, ஆலைத் தொழிலாளியின் மகள். மூச்சு வாங்குகிறது, ஓட முடியவில்லை. பெரிய மருத்துவர்கள் பார்த்து இரத்தச் சோகை என்று எழுதியிருந்தார்கள். சுகிர்தத்துக்கு அப்போது வயது இருபத்தாறு. குழந்தையை இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, நெஞ்சொலி கேட்கும் குழாயின் சிறு கிண்ணத்தை விலாவின் கீழ் மெல்ல, அழுத்தாமல் வைத்தார். லப், டப். லப், டப். அவ்வளவுதான். எடுத்துவிடலாம் என்று கை நகர்ந்தது, நகரவிடவில்லை. காத்திருந்தார். வார்டின் இரைச்சல் ஒவ்வொன்றாக உதிர்ந்தது, வாளி, செருப்பு, அழுகை. பிறகு அந்த இரண்டு ஒலிக்கும் நடுவில், வெறும் அமைதி என்று எல்லோரும் விட்டுவிட்ட இடத்தில், வெகு தொலைவில் ஒரு மரப்பாலத்தின் மேல் பாரவண்டி ஏறுவதுபோல் ஓர் உறுமல். அது அங்கேயே இருந்தது. கேட்பார் இல்லாமல் இத்தனை நாளும் அந்தச் சின்ன மார்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வெளியே தாழ்வாரத்துக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடவுளைப் பற்றி அதுவரை கேட்ட பிரசங்கம் எதுவும் அவரை அப்படித் தூணைப் பிடிக்கவைத்ததில்லை. ஓர் உயிர் தன் குறையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, மிக மெல்லிய குரலில், ஒரு நாளும் நிறுத்தாமல். கேட்பவர் குனிய வேண்டும், அவ்வளவே.

பொன்னுத்தாயி பதினான்கு வயதில் இறந்தாள். அந்நாளில் அந்த இதய நோய்க்கு மருந்தில்லை. கேட்பது வேறு, காப்பது வேறு. பின்னால் மருந்து வந்தது: தொண்டைப் புண்ணை அப்போதே கவனித்தால் அது இதயத்துக்கு இறங்காது. பள்ளிக்கூடந்தோறும் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மருத்துவர் போய்க் குழந்தைகளின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்க வேண்டும், கேட்டாலே போதும், பாதி வேலை முடிந்தது. இதைச் சொல்லத்தான் இங்கே வந்தார். ஒரு நாள் காலையில் தொலைபேசி அடித்தது. உங்களை மேலவைக்கு நியமித்திருக்கிறார்கள் என்றது ஒரு குரல். யார் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள். முதல் நாள் இந்த மண்டபத்துக்குள் நுழைந்தபோது, கூரையின் உயரத்தைப் பார்த்து, செருப்பை வெளியில் விட்டிருக்க வேண்டுமோ என்று ஒரு கணம் தயங்கினார். ஒவ்வொரு கூட்டத் தொடரிலும் கேட்டார். பரிசீலனையில் உள்ளது, பரிசீலனையில் உள்ளது. இப்போதுதான் திட்டம் நிதித்துறை வரைக்கும் நகர்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு ஆண்டு பதவிக்காலம் இருக்கிறது. இரண்டு ஆண்டு இங்கே உட்கார்ந்து நச்சரித்தால் நடந்துவிடும். விலகச் சொன்னால்? வெளியில் நின்று நச்சரிக்கும் கிழவியை யார் உள்ளே விடுவார்கள்? ஆகவே இல்லை என்பதே சரி. குழந்தைகளுக்காக. பார்த்தாயா, சுகிர்தம், குழந்தைகளைக் கொண்டுவந்துவிட்டாய். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

ஆவுடையப்பன் அவையில் பேசியபோது மத்தியானத்துக் கிண்டல் இல்லை. "மாண்புமிகு தலைவர் அவர்களே, நான் ஊராட்சித் தலைவர்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கி இங்கே வந்தவன். ஒவ்வொரு படியிலும் என்னிடம் கணக்குக் கேட்டார்கள். இந்த அவையில் ஒரே ஒரு கையெழுத்தால் வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்னைவிடப் பெரியவர்கள், படித்தவர்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உன்னை யார் அனுப்பினார் என்று ஒரு குடிமகன் அவர்களைக் கேட்டால், அவர்கள் யாரைக் கை காட்டுவார்கள்?" உன்னை யார் அனுப்பினார். இந்தக் கேள்வி முள்ளைப்போல் ஏறி முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அவர் அதற்கு விடை தேடிக்கொண்டிருந்ததால்தான் புலவரின் மறுப்புரையில் பாதியைக் கவனிக்கவில்லை. யார் அனுப்பினார்? கையெழுத்திட்டவரை அவர் பார்த்ததே இல்லை. தொலைபேசிக் குரலுக்குப் பெயர் இல்லை. காது அனுப்பிற்று. ஆம், இந்தக் காதுக்குத்தான் அந்தக் கையெழுத்து. அந்தக் காதில் பாதி இப்போது இல்லை. இருக்கிறதென்று நம்பித்தான் இத்தனை பேர் வாய் மூடி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. மின்விசிறிகள் சுற்றுகின்றன, மழைநீர் சொட்டுகிறது, ஒருவரும் இருமக்கூட இல்லை. எல்லா முகங்களும் மேல்நோக்கி ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன. அவருக்கு மலைப்பாக இருந்தது. இதுவரை இந்த அவை அவருடைய விடைக்காகக் காத்திருந்ததே இல்லை, விடை தெரிந்திருந்தது. இன்று ஒருவருக்கும் தெரியாது. இத்தனை மார்புகளிலிருந்து மூச்சு ஒரு சொல்லாகக் கிளம்பி, இந்தக் கூரையில் மோதி, ஒரு கிழவியின் செவிக்குள் புகுந்து, அவள் கருதுகிறேன் என்று சொன்னதும் மாகாணத்தின் தீர்ப்பாகிவிடும். கருதுகிறேன்! எவ்வளவு எளிய சொல்லின் மேல் எவ்வளவு பெரிய கட்டடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அளவுகோல் இல்லை, தராசு இல்லை. ஒரு மனிதர் இன்னொரு கூட்டத்து மனிதரின் குரலைக் குனிந்து கேட்பார், கேட்டதை உள்ளபடி சொல்வார் என்ற நம்பிக்கை மட்டும். வழக்கம்போல் ஏற்போர் என்று சொல்லிவிட்டால் என்ன? தன் நலத்துக்கு எதிராகச் சொன்னார் என்று புகழ்வார்கள். அதுவும் கேளாமல் சொன்னதுதான். தியாகம்போலத் தோன்றும் பொய். வேண்டாம். இரத்தச் சோகை என்று எழுதிய கைகளும் இப்படித்தான் எழுதின, வழக்கம்போல்.

அவர் எழுந்தார். தலைவர் எழுந்தால் அவையில் எவரும் நிற்கலாகாது, பேசலாகாது. அந்த உரிமையை அவர் இதுநாள்வரை பயன்படுத்தியதில்லை. பின்வரிசையில் எழுந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அமர்ந்தார்கள். "உறுப்பினர்கள் பொறுத்தருள வேண்டும்" என்றார். "எனக்கு வலக்காது கேளாது. சென்ற பங்குனியிலிருந்து கேளாது. வலப்பக்கத்தார் சொன்னது என்னை வந்து சேரவில்லை. வினாவை மீண்டும் விடுக்கிறேன். இம்முறை முதலில் வலப்பக்கத்தார் மட்டும் சொல்க, பின்னர் இடப்பக்கத்தார்."

வலப்பக்கத்தில் ஒருவர் வாய் திறந்து ஏதோ சொன்னார். சிரிப்பு எழுந்ததை அவர் கண்ணால் பார்த்தார். "உறுப்பினர் சொன்னதை இந்தக் காதுக்கும் சொல்லலாம்" என்று முகத்தைத் திருப்பி இடக்காதைக் காட்டினார். அந்த உறுப்பினர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணுமில்லீங்கம்மா. அப்படீன்னா சித்திரை மாசத்திலிருந்து பாஸான சட்டமெல்லாம் என்னாகும்னு கேட்டேன்." அதற்கு எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அதுக்குக் காது எதுக்கய்யா? அப்பல்லாம் கொறடா இருந்தாரே!" அவை முழுவதும் சிரித்தது. டாக்டர் சுகிர்தம் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார். நரசிம்மலு நிமிர்ந்து, "அம்மா, இதற்கு முன்வழக்கு…" என்றார். "இல்லை. எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவையின் ஒரு பாதிக்கு முழு முதுகையும் காட்டி, இடக்காதை வலப்பக்கம் நீட்டி, தலையைச் சற்றே தாழ்த்தினார். குழந்தையின் விலாவில் குனிவதுபோல். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. "வலப்பக்கத்தார். ஏற்போர் ஆம் என்க." வந்தது. பங்குனிக்குப் பிறகு முதன்முறையாக அந்தப் பக்கம் அவரிடம் வந்தது. ஒரே ஓசை என்று நினைத்திருந்தாரே, அது ஒன்றில்லை. சளி கட்டிய ஒரு முதிய குரல். பீடி குடித்துக் கரகரத்த ஒன்று. பள்ளி ஆசிரியருக்கே உரிய திருத்தமான ஒன்று. ஆவுடையப்பனுடையது, தாழ்ந்து, ஏறக்குறைய வேண்டுதல்போல். எல்லோரும் முடித்த பிறகு, இருந்து யோசித்துத் தனியாக வந்து விழுந்த ஒரு "ஆம்". அந்தக் கடைசிக் குரலுக்கு அவர் மெய்சிலிர்த்தார். யாரோ ஒருவர் இந்தக் கணத்தில், இங்கே, முடிவு செய்தார். அது காதுக்குத் தெரிந்தது. "மறுப்போர் இல்லை என்க." குறைவு, உறுதியானவை, ஆனால் குறைவு.

திரும்பினார். இப்போது முதுகு மற்றப் பாதிக்கு. "இடப்பக்கத்தார். ஏற்போர் ஆம் என்க." இங்கே ஒன்றும் வராது என்று நினைத்தார், வந்தது. ஒன்று, இரண்டு, நான்கைந்து மெல்லிய குரல்கள், நியமன உறுப்பினர் வரிசையிலிருந்தே ஒன்று: கூட்டுறவுக்காரர் பெத்தாச்சி, வாரத்துக்கு ஒரு சொல்கூடப் பேசாதவர், தம் இருக்கைக்கு எதிராகத் தாமே ஆம் என்றார். முதல் முறையும் சொல்லியிருப்பார். கேட்கும் காதின் பக்கம்தான் சொல்லியிருப்பார். மனத்தையெல்லாம் கேளாத பக்கம் கொடுத்து இருந்ததில், கேட்கும் பக்கத்தையும் டாக்டர் கேளாமல் விட்டிருந்தார். "மறுப்போர் இல்லை என்க." புலவரின் இடியை எதிர்பார்த்துத் தோள்கள் இறுகின. இடி விழவில்லை. புலவர் தில்லைக்கூத்தனார் "இல்லை" என்றார். ஒரு மனிதருக்கு உரிய ஒரு குரலின் அளவில், சுற்றியிருந்தவர்களின் இல்லைகளோடு கலந்து, மிகாமல். ஐம்பது ஆண்டு வளர்த்த குரலை இந்த ஒரு காதுக்காக மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். டாக்டர் சுகிர்தம் கண்ணைத் திறந்தார். நனைந்த சன்னல்களின் வழியே வெயில் உள்ளே விழுந்திருந்தது.

"ஏற்போர் மிகுதி என்று கருதுகிறேன்" என்றார். நிறுத்தினார். அந்த இடைவெளியை அளவுக்கு மேலாகவே நீட்டினார். இடக்காதை மெல்ல ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை கொண்டுபோனார். எண்ணுங்கள் என்று எவரும் கேட்கவில்லை. புலவரின் கைகள் இருக்கையின் முன்பலகையில் இருந்தன. அவை அங்கேயே இருந்தன. "ஏற்போரே மிகுதி. தீர்மானம் நிறைவேறியது."

தீர்மானம் வெற்றி பெற்றால் கொண்டுவந்தவர் வாங்கித் தருவது அந்த அவையின் வழக்கம். அன்று மாலை உறுப்பினர் சிற்றுண்டிச் சாலையில் காபிக்கும் கீரை வடைக்கும் பணம் கொடுத்தவர் ஆவுடையப்பன். புலவர் மட்டும், தம்மை நாடு கடத்தியவன் கையால் வடை தின்பதில்லை என்று அறிவித்துத் தம் காசை மேசையில் வைத்தார். பிறகு ஆவுடையப்பனின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை டாக்டர் சுகிர்தம் தமது விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நேரே மவுண்ட் ரோட்டுக் கடைக்குப் போய், வலக்காதில் எஞ்சியிருந்த கொஞ்சத்தையாவது கேட்பதற்கு ஒரு செவிக்கருவி வாங்கினார். அதன் விலையை அவை திருப்பித் தரும் என்று நரசிம்மலு சொல்லி அனுப்பினார். அவர் சொந்தப் பணத்தையே கொடுத்திருந்தார், திருப்பி வாங்கவில்லை. பள்ளிக் குழந்தைகளின் நெஞ்சைக் கேட்கும் திட்டத்துக்கு நிதித்துறை பணம் ஒதுக்கியது இரண்டு ஆண்டு கழித்து, பங்குனி மாதத்தில். அதற்காக அந்த இரண்டு ஆண்டும் அவையில் நச்சரித்தவர் ஆவுடையப்பன். அந்த வெள்ளிக்கிழமைக்குரிய அமர்வுப் படியை மட்டும் அந்த மாத முடிவிலேயே காசாளர் டாக்டர் சுகிர்தத்திடம் கொடுத்தார். விலகியவர் அதை வாங்க மாட்டார் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். அந்த ஆண்டில் தாம் உழைத்துப் பெற்றது அது ஒன்றே என்று கருதினார்.